ஒரு நிமிடம், எதுவும் பேசாமல்

ரிஸ்மி நானாவின் கண்ணாடிப் பெட்டிக்குள்
இரண்டு கிடந்தன.
ஒன்று புதிது. கலர்த் திரை, நாலு தடம், உள்ளேயே பெட்டரி.
விலைச்சீட்டைப் பார்த்ததும்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
மற்றது கொழும்பில் யாரோ விற்றுவிட்டுப் போனது.
சவர்க்காரக் கட்டி அளவு.
தலையில் நண்டுக் கொடுக்குபோல் இரண்டு மைக்.
முதுகில் ஆணியால் கீறிய ஒரு பெயர்: சுரங்க.

"பேசிப் பாருங்க தம்பி.
ஹலோ, மைக் டெஸ்டிங், என்னமாச்சும்."
நான் பேசவில்லை.
சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு
ஒரு நிமிடம் நின்றேன்.
நானாவும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு
எதற்கென்று தெரியாமல் கூடவே எழுந்து நின்றார்.
யாரும் சாகவில்லை, நானா.
பாட்டை எல்லாப் பெட்டியும் கேட்கும்.
பாட்டு இல்லாத நேரத்தில்
அது எதைக் கேட்கிறது என்பதற்குத்தான் காசு.

ஹெட்போனில் புதியது:
உஸ்ஸென்று, எங்கோ எண்ணெய்ச் சட்டி காய்வதுபோல்.
அந்த இரைச்சலுக்குள்
ஹட்டன் முழுவதும் வதங்கிப் போயிருந்தது.
பழையது:
ஷட்டர் விளிம்பில் மழை, தனித்தனிச் சொட்டாய்.
பஸ் ஸ்டாண்டில் நுவரெலியா நுவரெலியா என்று
ஒருவன் கூவி முடித்து மூச்சு வாங்குவது.
நானாவின் கைக்கடிகாரம்.
பிறகு இன்னொன்று,
கொஞ்ச நேரம் என்னவென்று புரியவில்லை,
என் வயிறு. மதியம் சாப்பிட்டிருக்கவில்லை.

போன வருடம் ஃபோனில் பிடித்தேன்.
டொமினிக் டிரம்மில் கை வைத்ததும்
மெட்டில்டாவின் குரல் தரையோடு அமுங்கி
அவன் ஓய்ந்த பிறகுதான் எழுந்து வந்தது.
தகரத்தில் கல் உருட்டிய இரண்டு மணித்தியாலம்.
அதையும் அவன் தன் ஓட்டோவில் போட்டுக் கேட்கிறான்,
டிரம் நல்லாக் கேக்குது மச்சான் என்று.

மூன்று மாதத் தவணை.
"இதுல நீ பாடவா போற?" என்றாள் அக்கா.
இல்லை. பாடத் தெரிந்திருந்தால்
இவ்வளவு செலவு வந்திருக்காது.

தலவாக்கலையில் தேர் முடிந்த இரவு.
மேடைக்கு நேரே இருபது அடி தள்ளி,
உச்சம் கழித்தல் பன்னிரண்டைத் தாண்டாமல்.
சட்டைப்பையில் நாலு பென்டோர்ச் பெட்டரி.
காற்றுக்காக அக்கா மகளின் ஒற்றைச் சொக்ஸ்,
இளஞ்சிவப்பு, முயல் படம் போட்டது.
பார்த்தவர்கள் சிரித்தார்கள்.
காற்று மட்டும் வந்து வந்து
வாசல் தெரியாமல் திரும்பிப் போனது.

ஏழாவது பாட்டில் கரண்ட் போய்விட்டது.
ஸ்பீக்கர் அணைந்தது, கீபோர்ட் அணைந்தது,
கூட்டம் ஊளையிட்டது.
மெட்டில்டா நிறுத்தவில்லை.
வெறும் தொண்டையால் பாடினாள்.
டொமினிக் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு
விரல் நுனியால் தட்டினான்.
ஊளை ஒவ்வொரு வரிசையாக அடங்க
நான் இருட்டில் மேடை விளிம்புவரை நகர்ந்திருந்தேன்,
நெஞ்சளவில் ஒரு சிவப்புப் புள்ளியோடு.

விடியற்காலையில் போட்டுக் கேட்கிறேன்.
ஒரு மணி எட்டாவது நிமிடம்,
இரண்டு வரிகளுக்கு நடுவில்:
"ஐயோ டொமினிக், மூணாவது சரணம் மறந்து போச்சு."
"லாலா போடு."
"எவ்வளவு நேரத்துக்கு?"
"கரண்ட் வர்ற வரைக்கும்."

அந்த லாலாவுக்குத்தான்
அன்றைக்குக் கைதட்டல் அதிகம்.
காவலுக்கு நின்ற பொலிஸ்காரர்
தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்டார்.
பக்கத்தில் ஒருவர், என்ன உருக்கம், என்ன உருக்கம் என்றார்.
அதுவும் பதிவில் இருக்கிறது.

டொமினிக் ஒரு பிரதி கேட்கிறான்.
அவன் ஓட்டோ ஸ்பீக்கரில் இது கேட்காது, கொடுக்கலாம்.
மெட்டில்டாவும் கேட்கிறாள்.
அவளிடம் ஹெட்போன் இருக்கிறது.

வெட்டிவிடலாம். ஆறே ஆறு செக்கன்.
மூன்று நாளாகத் திரையில்
கத்தரிக்கோல் குறி அதன்மேலேயே நிற்கிறது.
நான் இன்னொரு தடவை
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.